கேமரா பக்கம் மடித்த தகடு

சேர்மன் அத்தானுக்குக் காரை ஓட்டத் தெரிந்ததைவிடக் காரைப் பற்றிப் பேச நன்றாகத் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் சேர்மன். பழைய கார் பிரியர்கள் சங்கத்துக்கும் அவர்தான். காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிற குழுவுக்கு ஒரு சேர்மன் தேவை என்று யாருக்கும் தோன்றாத காலத்திலேயே அதற்கும் ஆகிவிட்டார். வீட்டுக் குழாய் ஒழுகினால்கூடத் தண்ணீரின் முக்கியத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுவார். அதற்குள் தண்ணீர் கூடத்துக்கே வந்து, தானும் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

அவருடைய மனைவியின் தம்பியை எல்லோரும் டிங்கர் என்பார்கள். நசுங்கிய கார்க் கதவைத் தட்டி நிமிர்த்துவான், ஓட்டல்களுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி செய்து கொடுப்பான், அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டுவான். வயது நாற்பதைத் தாண்டியும் குடும்பத்தில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் "பாவம், அவன் ஏதோ பண்ணிக்கிட்டிருக்கான்" என்பதோடு முடிந்துவிடும். அப்படி முடியவிடாத ஒரே ஆள் அவனுடைய அக்கா.

சேர்மனின் செல்லப்பிள்ளை ஒரு வெளிர்நீல ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. மற்ற கார்கள் மாதிரி எஞ்சினின் அடிவயிற்றில் ஆயிலை வைத்துக்கொள்கிற சாதாரணப் பிறவி இல்லை அது. ஆயிலுக்கென்று தனியாக ஒரு டாங்கி. பழைய டாங்கி துருப்பிடித்துச் சல்லடையாகி, தொட்டால் உதிர்ந்தது. இந்தக் காருக்குப் புதுச் சாமான் விற்கிறவர்கள் எல்லாம் கடையை மூடிவிட்டார்கள், அல்லது கண்ணை மூடிவிட்டார்கள். புதிதாகச் செய்தால்தான் உண்டு.

"வெளிய யார்கிட்டயோ குடுக்கறதுக்கு என் தம்பிகிட்ட குடுங்களேன்" என்றாள் அக்கா.

சேர்மன் யோசித்தார். ஒரு நாட்டுக்கு விடுதலை கொடுப்பதுபோல் தலையாட்டினார்.

டிங்கர் அந்த டாங்கிக்காகத் தன்னையே தேய்த்தான். சக்கர வளைவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மிச்சமிருந்த கோணல் சந்துக்குள் அது உட்கார வேண்டும். அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தான். கடைசியில் வந்த வடிவம், வயிறு முன்னால் தள்ளி, ஒரு தோள் சரிந்து, பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கும் ஆள் மாதிரி இருந்தது. அப்படியே அலுமினியத்தில் செய்தான்.

உள்வேலைதான் முக்கியம். வளைவில் கார் திரும்பும்போது ஆயிலெல்லாம் ஒரு பக்கமாக ஓடிவிடும். பம்பு உறிஞ்சுகிற குழாயின் வாய் அந்த நேரம் வெறும் காற்றைக் குடிக்கும். அதற்காக டாங்கியின் அடியில், குழாயைச் சுற்றி ஒரு சின்ன அறை. அறையின் சுவர்களில் உள்பக்கமாக மட்டும் திறக்கிற குட்டிக் கதவுகள். ஆயில் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது.

"கல்யாணமாகி வந்த மருமக மாதிரி" என்று சேர்மன் சங்கத்தாரிடம் உதாரணம் சொன்னார். பக்கத்தில் நின்ற அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் அந்த உதாரணத்தை அக்கா இல்லாத இடங்களில் மட்டும் பயன்படுத்தினார்.

அந்தச் சின்ன அறையைச் செய்கிற அன்றைக்குத்தான் சேர்மன் கார் சங்கச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். செயலாளரின் கையில் கேமரா.

"மாப்ளே, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நாங்க இருக்கறதே உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாடு வரை பேசினார்.

இதில் டிங்கரின் பங்கையும் மறைக்கக் கூடாது. படம் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்து காலையிலேயே முடி வெட்டிக்கொண்டு, மீசைக்கு மை போட்டு, கல்யாண வீடுகளுக்கென்று வைத்திருந்த சட்டையில் வந்திருந்தான். வெல்டிங் பட்டறைக்குள் அந்தச் சட்டை, சுடுகாட்டுக்குள் மாப்பிள்ளை நுழைந்த மாதிரி இருந்தது.

கதவுகள் மாட்டிய நீளத் தகடு மேசையில் தயாராகக் கிடந்தது. கதவுப் பக்கம் உள்ளே போகும்படி மூலைகளில் மடித்தால் அறை தயார். மடிக்கும் மெஷினில் தகட்டை வைத்தான்.

"கதவு தெரியலையே மாப்ளே!" என்றார் சேர்மன். "அதுதானே இதுல ஹைலைட்டே! அப்படித் திருப்பி வச்சு மடிங்க. கேமராவுக்குக் கதவு தெரியணும்."

"கொஞ்சம் சிரிங்க சார்" என்றார் செயலாளர். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்."

டிங்கர் திருப்பினான், சிரித்தான், மடித்தான். மீசையின் இடது நுனி ஒழுங்காக இருக்கிறதா என்ற கவலைதான் அப்போது அவன் தலைக்குள் ஓடியது. தகடு எந்தப் பக்கம் மடிகிறது என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. பிறகு வழக்கம்போல் ஒவ்வொரு கதவையும் விரலால் தட்டிப் பார்த்தான். ஆடியது. எந்தப் பக்கமாக ஆடுகிறது என்று விரல் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அறையை டாங்கிக்குள் வைத்து ஒட்டினான், அடித்தகட்டை மூடிச் சுற்றிலும் வெல்டு வைத்தான். அந்த வெல்டு மீன் செதில் அடுக்கியதுபோல் வந்தது. அவன் ஆயுளிலேயே அவ்வளவு அழகாக வந்ததில்லை. செயலாளர் அதற்கு மட்டும் தனியாகப் படம் எடுத்தார்.

டாங்கி காரில் ஏறியது. எஞ்சின் ஓடியது. நேர்த் தெருவில் போய் நேர்த் தெருவில் திரும்பி வந்தார்கள், ஒரு குறையும் இல்லை.

வீடியோ தயாரானதும் அக்கா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவியில் இசை முழங்கியது. யுத்தத்துக்கு யானைப்படை கிளம்புகிற இசை. பின்னணியில் சேர்மனின் குரல்: "உலோகம் பேசுமா? பேசும்..." உலோகம் பேசியதோ இல்லையோ, சேர்மன் பேசினார். அப்புறம் திரையில் டிங்கர் வந்தான். சிரித்தபடி, மெதுவான அசைவில், தகட்டை மடித்தான்.

சோபா ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த டிங்கருக்கு முதலில் தன் மீசை பிடித்திருந்தது. அடுத்த நொடி தகட்டைப் பார்த்தான்.

கதவுகள் வெளியே இருந்தன.

அழகாக, பளபளவென்று, கேமராவைப் பார்த்துக்கொண்டு, அறைக்கு வெளிப்பக்கம் தொங்கின. அதன் அர்த்தம் அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வளைவில் ஆயில் அறையைவிட்டு ஓடும், கதவு வழிவிடும். திரும்ப உள்ளே வரப்பார்க்கும், கதவு சாத்திக்கொள்ளும். பம்பு காற்றைக் குடிக்கும். எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் ஆயில் இல்லாமல் உரசிப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் பூட்டிக்கொண்டால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். மலைப்பாதை வளைவில் அப்படி நடந்தால் கார் ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் மலைப்பயணம். சேர்மன் பக்கத்து சீட்டில் அக்கா.

"இங்க நிறுத்துங்க!" என்றார் சேர்மன். செயலாளர் நிறுத்தினார். "இதுதான் ஹைலைட்டு."

கைதட்டல். சாப்பாடு முடிகிற வரை திரையில் அந்தப் படம் அப்படியே நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். செய்த தப்பைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டிவிட்டு, அதன் அடியில் உட்காரவைத்துச் சோறு போட்டால் எப்படி இறங்கும்? டிங்கர் தட்டில் கோலம் போட்டான்.

"டேய், என்னடா கொறிக்கிறே? இன்னைக்கு நீதான் ஹீரோ" என்றாள் அக்கா. குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். என் தம்பின்னு சொன்னேன். ஒருத்தி நம்பவே இல்ல, சினிமாக்காரரான்னு கேக்கறா."

டிங்கர் எழுந்து தொண்டையைச் செருமினான். "அத்தான், அந்தக் கதவு..."

"ஆமா, அந்தக் கதவு! எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று சேர்மனும் எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார வேண்டியதுதான். டிங்கர் உட்கார்ந்தான். உட்கார்ந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. சொல்லப் போனோம், அவர்தான் விடவில்லை என்று தனக்குத்தானே ஒரு சாட்சியைத் தயார் செய்துகொண்டான். நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நாளை வந்தது, போனது. மெசேஜ் ஒன்று அனுப்பினான்: "அத்தான், கொஞ்சம் ஆயில் கூடுதலா ஊத்துங்க." பதிலாக ஒரு கட்டுரை வந்தது. தயாரிப்பாளர் விதித்த அளவுக்கு மதிப்புக் கொடுப்பதுதான் நாகரிகத்தின் அடையாளம் என்று அது முடிந்தது. டிங்கர் கும்பிடுகிற கைப்படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

அதற்கு மறுநாள் அக்கா ஃபோன் செய்தாள். குரலில் கொஞ்சம் பயம், கொஞ்சம் சந்தோஷம்.

"டேய், நேத்து ரவுண்டானாவுல வண்டி திரும்பறப்ப ஒரு செவப்பு லைட்டு கண்ணடிச்சுதுடா. உங்கத்தான் பல்பு கோளாறுங்கறாரு. நீ என்ன சொல்றே?"

அது எந்த லைட்டு என்று டிங்கருக்குத் தெரியும். ஆயில் அழுத்தம் போனால் எரிகிற லைட்டு. சொல்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கேட்கிறவள் அக்கா, குறுக்கே பேச அத்தான் இல்லை, மைக் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது. மீன் செதில் வெல்டை அறுக்க வேண்டும். ஆபீஸில் அக்கா காட்டிய படத்தை அக்காவே மறைக்க வேண்டும். "பாவம், அவன் ஏதோ பண்ணிக்கிட்டிருக்கான்" என்கிற பழைய பல்லவிக்குத் திரும்ப வேண்டும்.

"ஆமாக்கா" என்றான். "பல்பாத்தான் இருக்கும்."

"அப்பாடா! நீ சொன்னா சரி" என்று அவள் வைத்துவிட்டாள்.

சேர்மன் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அதற்கு முன்னால் ஒரு உரை இருந்திருக்கும். டிங்கரின் பொய் மூன்றே வார்த்தை. அதனாலேயே மனதுக்குள் சுலபமாக நுழைந்து எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொண்டது. ஓட்டல்காரருக்கு அலமாரிக் கதவு மாட்டும்போது கீலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. குளியலறைக் கதவு காற்றில் அறைந்து சாத்தியபோது அவன் திடுக்கிட்டு எழுந்தான். எந்தக் கதவைக் கண்டாலும் உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று தள்ளிப் பார்த்தான். வங்கியில் ஒரு கதவை அப்படித் தள்ளியிழுத்துக்கொண்டிருந்ததில் காவல்காரர் வந்து, "சார், என்ன பிரச்சினை?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். ஏனோ ஊரில் எல்லோரையும்விட அந்தக் காவல்காரரிடம் சொல்வது சுலபம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பழைய கார்கள் வரிசையாக நின்றன. சில தாமாக வந்தவை, சில தள்ளிக் கொண்டுவரப்பட்டவை. வரிசையின் தலையில் வெளிர்நீலக் கார். அக்கா முன்கூட்டியே ஏறி, தலையைச் சுற்றித் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் கையசைத்தாள். டிங்கரின் கால்சட்டைப் பையில் ஒரு ஸ்பானர் கனத்தது. அது எதற்கு என்று அவன் கிளம்பும்போது தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

சேர்மன் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூவில் மைக் முன்னால் நின்றார். டிங்கருக்குப் பூங்கொத்துக் கொடுத்தார். "ரெண்டு வார்த்தை பேசுங்க மாப்ளே" என்றார். அடுத்தவர் கையில் அவர் மைக்கைக் கொடுத்தது அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதல்முறை.

டிங்கர் மைக்கைப் பிடித்தான். "கதவத் தப்பா மாட்டிட்டேன்" என்றான். "டாங்கிக்குள்ள. வெளிய தெறக்குது. வண்டிய எடுக்காதீங்க."

சேர்மன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா! இதுதான் தன்னடக்கம். பெரிய கலைஞன் எவனுமே தன்னோட படைப்புல திருப்தி அடையமாட்டான்."

கைதட்டல்.

"இல்ல அத்தான், நெஜமாவே..."

"பாருங்க, இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறாரு!"

கைதட்டல் கூடியது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேர்மன் தன்னடக்கத்தைப் பற்றித் தன் சொந்த அனுபவத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

டிங்கர் பூங்கொத்தைத் தரையில் வைத்தான். காரின் பின்சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தான். டாங்கியின் அடியில் ஆயிலை இறக்குகிற போல்ட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், அவன் வைத்ததுதானே. கையை உள்ளே விட்டு ஸ்பானரைத் திருப்பினான். முழங்கை வரை ஆயில் வழிந்தது. கல்யாண வீட்டுச் சட்டை அன்றோடு ஓய்வு பெற்றது.

உரை முடிந்து சேர்மன் காரில் ஏறி, சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். காருக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று மெதுவாக நீண்டு வந்தது.

"என்னங்க, கீழ என்னமோ ஓடுது" என்றாள் அக்கா.

"நிழலும்மா."

"நிழல் ஓடுமா?"

"வெயில் ஏற ஏற நகரும்" என்று சொல்லிவிட்டுச் சாவியை நுழைத்தார். அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். தரையைப் பார்த்தாள். சக்கரத்தருகே எண்ணெயில் குளித்து உட்கார்ந்திருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. "பொறாமை!" என்று செயலாளர் கத்தினார். இறங்கிய சேர்மனின் வெள்ளை ஷூ எண்ணெயில் வழுக்க, விழாமலிருக்க அவர் கட்டிக்கொண்டதும் அந்தச் செயலாளரைத்தான். டிங்கர், "அந்த வீடியோவப் போடுங்க" என்றான். செயலாளரின் ஃபோனைச் சுற்றித் தலைகள் கூடின. மெதுவான அசைவில் தகடு மடிந்தது, கதவுகள் வெளியே மின்னின. யானைப்படை இசைக்கு அடியில் சேர்மனின் குரல் தெளிவாகவே கேட்டது: "அப்படித் திருப்பி வச்சு மடிங்க. கேமராவுக்குக் கதவு தெரியணும்."

சேர்மன் நெடுநேரம் பேசவில்லை. சங்கத்தாருக்கே பயமாகிவிட்டது. கடைசியில் ஷூவைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு முதல்லேருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் பட்டறையில் டாங்கியை அறுத்தார்கள். மீன் செதில் வெல்டு நடுவில் பிளந்தது. சேர்மன் கேமராவோடு வந்திருந்தார். புது வீடியோவின் தலைப்பு 'ஒரு குறையைக் கண்டுபிடித்த கதை'. கண்டுபிடித்தது யார் என்று அதில் சேர்மன்தான் விளக்குவார். அவரும் செயலாளரும் வெளிச்சம் சரியில்லை என்று வாசலில் வாதாடிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்து, கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வீடியோ பாத்த அன்னைக்கு."

"அப்ப அந்தப் பல்பு?"

டிங்கர் புதுத் தகட்டைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அன்னைக்கு ரவுண்டானாவுல வண்டி ஓட்டினது நான்டா" என்றாள் அக்கா. "எத்தனை வருஷமாக் கேட்டு, அன்னைக்குத்தான் குடுத்தாரு. லைட்டு எரிஞ்சதும் ஓரமா நிறுத்திட்டேன். அவரு பல்புன்னப்ப நான் நம்பல. அவரு எதத்தான் சொல்லமாட்டாரு? நீ சொன்னதும்தான் நம்பினேன். மறுநாளும் எடுத்துட்டுப் போனேன். வேகமா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். "அக்கா" என்று மட்டும் வந்தது.

"மாப்ளே, ரெடி!" என்று சேர்மன் உள்ளே வந்தார். "கேமராவப் பாத்து."

டிங்கர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றான். தகட்டை வைத்து, கதவுகள் உள்ளே போகும்படி மடித்தான்.

"கதவு தெரியலையே மாப்ளே!"

"தெரியாது அத்தான்."

மடித்த அறையை மேசையில் வைத்தான். "இப்ப சரியா இருக்குக்கா" என்றான்.

அக்கா எழுந்து வந்தாள். அவன் சொன்னதற்குத் தலையாட்டவில்லை. ஒவ்வொரு கதவாக வெளியிலிருந்து விரலால் தள்ளினாள். திறந்தது. உள்ளே கைவிட்டு உள்ளிருந்து தள்ளினாள். திறக்கவில்லை. கடைசிக் கதவு வரை போய்விட்டு, முதல் கதவிலிருந்து மறுபடியும் தள்ள ஆரம்பித்தாள்.